தின்னரைத் தின்னும் நார்க்கழிவு: வாசகர் கேள்வி – பதில்

தின்னர் போன்ற கரைப்பான்களின் ஆவி கலந்த காற்றை ஈரமான மட்குப் படுகையின் வழியே செலுத்தினால், அதில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த ஆவியை உணவாக்கிக்கொள்ளும் என்று சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வாளையாரிலிருந்து மீனாட்சிபுரம் வரை தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளாக்கி விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறைக்கு அருகே மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கிறேன். தின்னர் வாடை தாங்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் முறையிடுகிறார்கள். தாங்கள் எழுதிய முறை வாடையை மறைக்கிறதா, உண்மையிலேயே அழிக்கிறதா?

பதில்: அழிக்கிறது. படுகையில் உள்ள ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் குடியிருக்கின்றன. காற்று துகள்களின் இடுக்குகளில் புகுந்து செல்லும்போது, அதில் உள்ள டொலுவீன், அசிட்டோன், எத்தில் அசிட்டேட் போன்ற ஆவிகள் அந்த நீரில் கரைகின்றன. கரைந்ததை நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் கொண்டு செரித்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் சிறிதளவு வெப்பமாகவும் மாற்றுகின்றன. மிச்சத்தில் தம் இனத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. ‘உயிரி வடிகட்டி’ என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் நம்மைக் கொஞ்சம் குழப்பிவிட்டார்கள். வடிகட்டி என்றதும் காப்பி வடிகட்டிதான் நினைவுக்கு வருகிறது. மாட்டுத் தொழுவம் என்று பெயர் வைத்திருந்தால், தீனி, தண்ணீர், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கியிருக்கும்.

கருத்து புதியதன்று. கழிவுநீர் நிலையங்களின் அழுகிய முட்டை வாடையை மண்படுகையால் போக்கலாம் என்று ஜெர்மனியில் 1923-இலேயே எழுதியிருக்கிறார்கள். 1957-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பொமராய் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். கரைப்பான் ஆவிகளுக்கு இது பரவலாகப் பயன்படத் தொடங்கியது 1980-களில், நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும்.

நுண்ணுயிர்களை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டொலுவீனை உண்ணும் சூடோமோனாஸ் புடிடா போன்றவை மண்ணிலேயே இருக்கின்றன. நன்றாக மட்கிய தொழுவுரத்தையோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றையோ சிறிது கலந்து, குறைந்த அளவு ஆவியோடு தொடங்கினால், அந்த ஆவியை உண்ணத் தெரிந்தவை இரண்டு மூன்று வாரத்தில் பெருகிவிடும். புட்டியில் நுண்ணுயிர் விற்க வருபவரிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள்.

தங்கள் பட்டறைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்ப்ரே கன்னிலிருந்து வருவது ஆவி மட்டுமல்ல. பாலிஷின் பிசின் துளிகளும் புகைபோல வருகின்றன. அவை நேரே படுகைக்குள் போனால் துகள்களின் மேல் அரக்குப் போல ஒட்டி, சில வாரங்களில் இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே முதலில் கழற்றி மாற்றக்கூடிய பஞ்சுத் திரை ஒன்றில் அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பாலிஷில் ஐசோசயனேட்டுகள் உண்டு. அவை மூச்சுக்குழாயைக் கடுமையாகத் தாக்குபவை. வெளியே போகும் காற்றைத்தான் இந்தப் படுகை கவனிக்கும். கன்னைப் பிடித்து நிற்பவரின் நுரையீரலுக்கு முகக்கவசம் தனியாக வேண்டும்.

கேள்வி: கோபாலபுரம் பக்கம் எங்களுக்குத் தென்னை நார் மில் இருக்கிறது. களத்தில் மலைபோல நார்க்கழிவு குவிந்து கிடக்கிறது. அதை அப்படியே இந்தப் படுகைக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஐரோப்பியர்கள் இதற்குப் பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணையும் மரப்பட்டையையும் தேடிப் போனார்கள். நமக்கோ அது வாசலிலேயே கிடக்கிறது. நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மிகுதி என்பதால் சட்டென்று மட்கிப் போகாது. வடிகட்டிப் படுகைக்கு வேண்டிய முதல் இரண்டு குணங்களும் இவையே.

ஆனால் ‘அப்படியே’ என்ற சொல்தான் இடிக்கிறது. புதிய கழிவில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கின்றன. செம்பழுப்பாக வடியும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கழிவில் கரிமம் இருக்கும் அளவுக்குத் தழைச்சத்து இல்லை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் இருப்பதால், நுண்ணுயிர்கள் தின்னரை உண்டாலும் உடல் வளர்க்க வழியில்லாமல் திணறும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் யூரியாவையும் சிப்பிக் காளானையும் அடுக்கடுக்காக இட்டு நார்க்கழிவை மட்க வைக்கும் முறையை நெடுங்காலமாகச் சொல்லித் தருகிறது. ஆலப்புழை மாவட்டம் கலவூரில் உள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதில் நல்ல தேர்ச்சி உண்டு. முழுவதும் மட்கியது படுகையில் சேறாக அமுங்கிவிடும் என்பதால், பாதி மட்கிய நிலையில் எடுப்பதே மேல் என்பது என் கருத்து. அதிலும் தூளை மட்டும் நிரப்பக் கூடாது. விரற்கடை அளவுக்கு வெட்டிய மட்டைத் துண்டுகளைச் சரிபாதி கலந்தால்தான் காற்றுக்கு வழி இருக்கும். புளிப்பு ஏறாமல் இருக்கப் பொடித்த கிளிஞ்சலைச் சிறிது தூவலாம்.

இவ்வளவும் செய்தபின் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், எல்லைக்கு அருகே பூச்சு வேலை செய்யும் தொழிற்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பின்புறத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, நார்க்கழிவு நிரப்பி, அடியிலிருந்து காற்றை ஏற்றியிருந்தார்கள். மேலே தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்தது. படுகையின் மேற்பரப்பு பச்சைப் பாசி படர்ந்து குளிர்ச்சியாக இருந்தது. பார்த்தீர்களா என்று மேலாளர் பெருமையோடு கேட்டார். நான் அடியில் இருந்த சோதனைத் துளையின் மூடியைத் திறந்து கையை விட்டேன். வந்தது மூக்குப்பொடி. வெதுவெதுப்பாக, விரலிடுக்கில் நில்லாமல் உதிர்ந்தது. சுவரோரத்தில் படுகை சுருங்கி ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. காற்று முழுவதும் அந்தச் சந்தின் வழியே மேலேறித் தின்னர் வாடையோடு வெளியேறிக்கொண்டிருந்தது.

நம் ஊர்க் காற்று அப்படிப்பட்டது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றில் ஈரம் உண்டு. மார்கழி, தையில் வீசும் கீழ்க்காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். 35 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 25 விழுக்காடாக உள்ள ஒரு கனமீட்டர் காற்று படுகைக்குள் நுழைந்தால், ஏறத்தாழ 7 கிராம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டுதான் வெளியே போகும். மணிக்கு 1,000 கனமீட்டர் என்றால் மணிக்கு 7 லிட்டர். போதாததற்கு நுண்ணுயிர்கள் உண்ணும்போது பிறக்கும் சூடும் சேர்கிறது. ஒரு கிராம் டொலுவீன் முழுவதும் செரிக்கப்பட்டால் வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 40 கிலோஜூல். அது 15 கிராமுக்கு மேற்பட்ட தண்ணீரை ஆவியாக்கப் போதும். அதாவது தின்னும் வேலை மும்முரமாக நடக்கும் இடமே முதலில் காய்கிறது. காற்று அடியில் நுழைந்தால் அடி காய்கிறது. மேலே தெளிக்கும் தண்ணீரோ அங்கே போய்ச் சேருவதில்லை.

எனவே என் யோசனை இது. காற்றை மேலிருந்து கீழாகச் செலுத்துங்கள். காற்றும் தண்ணீரும் ஒரே வாசலில் நுழையட்டும். அதற்கு முன்னால், ஏர்கூலரில் இருப்பதைப் போல நனைந்த திரை ஒன்றின் வழியே காற்றை இழுத்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். படுகையின் எடையில் பாதியளவு தண்ணீராக இருக்க வேண்டும் என்று நூல்கள் சொல்லும். நார்க்கழிவு நீரை நிறையப் பிடிப்பதால் அதற்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கைக்குள்ள கணக்கு எளிது: ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு நிற்க வேண்டும். ஒழுகினால் இடுக்குகள் நீரால் அடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காமல், படுகையே நாறத் தொடங்கும். அடியிலும் நடுவிலும் மேலேயும் வாரம் ஒருமுறையாவது இப்படிப் பிழிந்து பாருங்கள்.

கேள்வி: சித்தூர்க் கல்லூரியில் வேதியியல் படிக்கும் மாணவி நான். ஒரு சிறு பட்டறைக்கு எவ்வளவு பெரிய படுகை வேண்டும் என்று கணக்கிடுவது எப்படி?

பதில்: இரண்டு கணக்குகளைப் போட்டு, எது பெரிய தொட்டியைக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, காற்று உள்ளே தங்கும் நேரம். வெற்றுத் தொட்டியாகக் கருதிக் கணக்கிடும் இந்த நேரம், கரைப்பான் ஆவிகளுக்குப் பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேலும் தேவைப்படும். மணிக்கு 1,000 கனமீட்டர் காற்று ஒரு நிமிடம் தங்க வேண்டுமானால், 1,000-ஐ 60-ஆல் வகுக்க, 16.7 கனமீட்டர். படுகையின் உயரத்தை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது; உயரம் ஏறினால் தன் எடையாலேயே அமுங்கும். ஆகவே 16.7 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 180 சதுர அடி, வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். டிரம் ஒன்றில் நாரைத் திணித்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது, தீனியின் அளவு. அந்தக் காற்றில் கனமீட்டருக்கு அரை கிராம் டொலுவீன் இருந்தால், மணிக்கு 500 கிராம் உள்ளே போகிறது. திரவமாகச் சொன்னால் ஏறத்தாழ 580 மில்லிலிட்டர். அதை 16.7-ஆல் வகுத்தால், ஒரு கனமீட்டர் படுகைக்கு மணிக்கு 30 கிராம். நன்கு பழகிய படுகையால் டொலுவீனைச் சில பத்துக் கிராம் அளவில் செரிக்க முடியும் என்பதால், இது இயலாத சுமையன்று. ஆனால் ஒரு சொட்டும் மிஞ்சாமல் அழியும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு இலேசான சுமையும் அன்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் தொட்டியையும் பாதியாக்கலாம் என்று தோன்றும். முதல் கணக்கு ஆம் என்று சொல்லும். ஆனால் தெளிக்கும் தின்னர் குறையவில்லையே! அதே 500 கிராம் பாதித் தொட்டிக்குள் போனால் சுமை 60 கிராமாகிவிடும். படுகை அஜீரணத்தில் தவிக்கும். தொட்டியைச் சுருக்க வேண்டுமானால் தின்னரைக் குறைக்க வேண்டும்: டப்பாக்களை மூடி வைப்பது, கன்னைக் கழுவிய தின்னரைத் தரையில் ஊற்றாமல் சேர்த்து வைப்பது, முடிந்த இடத்தில் நீர் கலக்கும் பாலிஷுக்கு மாறுவது.

இன்னொன்று, சுவரில் பொருத்தும் சாதாரண எக்சாஸ்ட் விசிறியால் படுகையின் தடையை மீறிக் காற்றைத் தள்ள முடியாது, ப்ளோயர் வேண்டும். தீப்பற்றும் ஆவி என்பதால் அதன் மோட்டார் காற்றோட்டப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும்.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கிறேன். சிரட்டைக் கரியை வைத்தே வாடையைப் போக்கலாம் என்கிறார்களே; இந்தப் படுகையால் எல்லா ஆவியையும் அழிக்க முடியுமா?

பதில்: எல்லாவற்றையும் முடியாது. தண்ணீரில் எளிதில் கரைபவற்றைப் படுகை விரும்பி உண்ணும். சாராய ஆவி, அசிட்டோன், எத்தில் அசிட்டேட் போன்ற எஸ்டர்கள் ஆகியவை அதற்குப் பாயசம் மாதிரி. டொலுவீனும் சைலீனும் சோறு. தவிட்டு எண்ணெய் ஆலைகளில் பயன்படும் ஹெக்சேன் தண்ணீரில் கரைய மறுப்பதால் மெதுவாகத்தான் அழியும். காற்றில் இழைகளை நீட்டி ஆவியைப் பிடிக்கும் பூஞ்சைகள் மிகுந்த படுகை அதற்குச் சற்று மேல். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் ஏறிய கரைப்பான்களுக்கு இந்த முறையை நம்ப வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் சூடான புகையையும் ஆற்றித்தான் அனுப்ப வேண்டும்.

கிளர்வூட்டிய சிரட்டைக் கரி நல்ல பொருள்தான், ஆனால் அது ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே தவிர அழிப்பதில்லை. நிரம்பியதும் மாற்ற வேண்டும், அல்லது சூடேற்றி ஆவியை வெளியேற்ற வேண்டும். இரண்டையும் சேர்ப்பதில் ஒரு நயம் உண்டு. பட்டறையில் காலையில் ஆவி கொட்டும், மதியம் ஒன்றும் இருக்காது. முன்னால் ஒரு கரிப்பெட்டி இருந்தால், மிகுதியாக வரும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படுகைக்கு விட்டுக்கொடுக்கும்.

கேள்வி: வேலந்தாவளத்தில் பட்டறைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. வாடை நின்றுவிட்டால் நஞ்சும் நின்றுவிட்டது என்று நம்பலாமா? வீட்டுக்குள் மணி பிளான்ட் வளர்த்தால் போதும் என்கிறாள் என் நாத்தனார்.

பதில்: அம்மா, மூக்கை முழுவதும் நம்ப முடியாது. டொலுவீனை அது ஓரளவு விரைவாகவே கண்டுகொள்ளும். ஆனால் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீனுக்கு நம் நாடு 2009-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இருக்க வேண்டும். நாள் முழுவதும் அந்தக் காற்றிலேயே இருப்பவருக்கு வாடை மரத்தும் போகும். அதனால்தான் பட்டறைக்காரர் ‘ஒன்றும் வரவில்லையே’ என்பதும் தாங்கள் மூக்கைப் பொத்துவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. படுகைக்குள் நுழையும் காற்றையும் வெளியேறும் காற்றையும் கருவியால் அளந்த தாளைக் கேளுங்கள். தொழிற்கூடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் மனு போக வேண்டும்.

மணி பிளான்ட் அழகுக்கு இருக்கட்டும். 1989-இல் நாசா செய்த சோதனை, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. அத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வைக்க வேண்டும் என்று கணக்கிட்டது. நாத்தனாரிடம் கோபித்துக்கொள்ளாமல், காற்று வீசும் திசை பார்த்து எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஓணத்துக்கும் பொங்கலுக்கும் பட்டறையைப் பத்து நாள் மூடுவோம். தீனி இல்லாமல் நுண்ணுயிர்கள் செத்துவிடுமா?

பதில்: பத்து நாளுக்குப் பெரும்பாலானவை தாங்கும், பட்டினியைவிட வறட்சியும் மூச்சுத் திணறலுமே அவற்றைக் கொல்லும். ஆகவே காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். தெளிப்பை நிறுத்த வேண்டாம். ஓணத்தின்போது காற்றில் ஈரம் இருக்கும், பாதித் தண்ணீர் போதும். பொங்கல் விடுமுறையில் கீழ்க்காற்று வீசும் என்பதால் யாரையாவது நாள்தோறும் வந்து அந்த ஒரு பிடியைப் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். திறந்த அன்றே பத்துக் கட்டிலுக்குச் சேர்த்துப் பாலிஷ் அடிக்காதீர்கள். முதல் நாள் இரண்டு மூன்று உருப்படி, மறுநாள் சற்றுக் கூடுதல் என்று ஏற்றினால், நான்கைந்து நாளில் படுகை பழைய பசிக்கு வந்துவிடும். அதுவரை கொஞ்சம் வாடை வரும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.